கறுப்புக் கண்ணாடி யாருக்கு?

நம் அம்மாக்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த விஞ்ஞானம் கொஞ்சம்தான். அதில் ஒன்று, 'வெல்டிங் வைக்கிற பக்கம் பார்க்காதடா, கண்ணு போயிடும்!' காலேஜ் படித்த அம்மாவும் இதைச் சொன்னார். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத அம்மாவும் சொன்னார். புற ஊதாக் கதிர் என்ற வார்த்தை தெரியாமலேயே மிகச் சரியாகச் சொன்னார்கள். நாமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிரில் பட்டறையைத் தாண்டி நடந்தோம்.

நாம் திரும்பிக்கொண்டோம், சரி. அந்த நீல வெளிச்சத்துக்கு இரண்டடி தூரத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆங்கிளை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தானே ஒரு பையன், அவனிடம் யார் 'பார்க்காதே' என்று சொன்னார்கள்? சொன்னாலும் அவன் என்ன செய்திருப்பான்? பார்க்காமல் பிடித்தால் ஆங்கிள் கோணிக்கொள்ளும். கோணினால் மேஸ்திரி திட்டுவார்!

இந்த வாரம் அந்தப் பையனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் வெல்டிங் மெஷின் வழியாகத்தான் அவனிடம் போய்ச் சேர முடியும். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. வயதில் பெரியவர். பீங்கான் தொழிலில் முப்பது வருஷம் இருந்து ஓய்ந்தவர். அந்த ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பொம்மை, அகல் விளக்கு, மின் இணைப்புக்கான பீங்கான் சாமான்கள் என்று சூளையும் களிமண்ணுமாகப் பிழைத்த ஊர். பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசாங்கப் பயிலகமும் உண்டு. நெருப்போடு வாழத் தெரிந்தவர்கள். அந்த நண்பர் போன் செய்தார்.

"தம்பி, வீட்டுக்கு ஒரு வெல்டிங் மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். கொல்லைக் கேட்டு, மாடிக்கு ஒரு தொட்டி ஸ்டாண்டு... இதுக்கெல்லாம் எவனையாவது கெஞ்ச வேண்டியிருக்கு. நல்ல மெஷினா ஒண்ணு விசாரிச்சுச் சொல்லுங்க."

"தனியாவா செய்யப்போறீங்க? ஆங்கிளை யார் பிடிப்பாங்க?"

"பேரன் இருக்கான்ல. ப்ளஸ் ஒன். லீவுலதான இருக்கான்."

"உங்களுக்குக் கண்ணாடி?"

"அது மெஷின் கூடவே ஒண்ணு குடுக்குறானாமே."

"பேரனுக்கு?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அவன் கண்ணை மூடிக்குவான்" என்றார் பிறகு.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பேரன் மீது உயிரையே வைத்திருக்கிற மனிதர். ஆனால் நம் எல்லோருடைய மனசும் ஓடுகிற வரிசை அதுதான். முதலில் மெஷின். அப்புறம் செய்கிறவனின் கண். பக்கத்தில் நிற்கிறவன் கணக்கிலேயே வருவதில்லை.

* * *

பத்து, இருபது வருஷங்களுக்கு முன்பு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வெல்டிங் மெஷின் என்றால் டிரங்குப் பெட்டி அளவுக்கு இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே செம்புச் சுருள், சில ரகங்களில் குளிர்விக்க எண்ணெய். நகர்த்த இரண்டு பேர் வேண்டும். வீட்டுக் கரன்ட் தாங்காது. இன்று 'இன்வெர்ட்டர்' ரகம் வந்துவிட்டது. தோளில் பை மாதிரி மாட்டிக்கொண்டு போகலாம். சில ஆயிரம் ரூபாய் போதும். வீட்டில் ஏ.சி.க்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் சொருகி, மெல்லிய ராடால் சின்னச் சின்ன வேலைகளை முடித்துவிடலாம். பட்டறையில் இருந்த நெருப்பு கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். தன் வீட்டுக் கேட்டைத் தானே ஒட்டவைக்கிற சந்தோஷம் சாதாரணமானதல்ல.

ஆனால் கூடவே ஒரு பழைய வாதமும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 'என் கண்ணு, என் கை, என் ரிஸ்க். உனக்கென்ன?'

2015 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஹெல்மெட் கட்டாயமானபோது டீக்கடை டீக்கடையாக இந்த வாதத்தைக் கேட்டோம். 'என் மண்டை உடைஞ்சா எனக்குத்தானே?' கொஞ்சம் யோசித்தால் இது வெறும் வீம்பு இல்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயர் 1859-ல் 'சுதந்திரம்' பற்றி எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய இதே எல்லைக்கோட்டைத்தான் போட்டார். ஒருவன் பிறருக்குக் கெடுதல் செய்யாதவரை, அவனுடைய நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு அவனைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை என்பது அவர் கட்சி. எனக்கும் இதில் பாதிக்கு மேல் சம்மதம்தான். சமூகம் எதற்கெடுத்தாலும் மாமியாராக மாறி அறிவுரை சொன்னால் மனுஷன் எப்படி வாழ்வான்?

ஆனால் மில்லின் கோடு வெல்டிங் பட்டறைக்குள் வந்ததும் அழிந்துவிடுகிறது. காரணம், இங்கே 'என் ரிஸ்க்' என்று தனியாக ஒன்று கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியில் கரன்ட் தாவுகிறது. அதுதான் ஆர்க். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் போதும். ஆர்க்கின் சூடு 5,000 டிகிரியைத் தாண்டும். அவ்வளவு சூடான ஒன்று வெறும் வெளிச்சத்தை மட்டும் தராது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் அள்ளி வீசும். அந்தக் கதிருக்கு 'இவர் மெஷின் வாங்கியவர், இவர் சும்மா நிற்பவர்' என்ற பேதம் தெரியாது. எல்லாத் திசையிலும் போகும். வெள்ளைச் சுவரில் பட்டு ஓரளவு திரும்பியும் வரும்.

கண்ணின் கருவிழிப் படலத்தில் அது பட்டால் என்ன ஆகும்? அப்போதைக்கு ஒன்றும் ஆகாது! இதுதான் அதன் சூழ்ச்சி. வெயிலில் தோல் கருகுவதைப் போல, கருவிழியின் மேல்தோல் கருகத் தொடங்கும். பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதைப் போல எரியும். கண்ணீர் கொட்டும். விளக்கைப் பார்க்க முடியாது. ஓரிரு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனாலேயே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உருளைக்கிழங்கை வெட்டி வைப்பது, தாய்ப்பால் விடுவது என்று பட்டறை வைத்தியம் ஓடுகிறது. கண்ணில் அப்படி எதையும் விடாதீர்கள். கண் டாக்டரிடம் போங்கள். கிருமி சேர்ந்தால் கதை வேறு.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒரு பழைய கதை நன்றாகத் தெரியும். ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சுந்தரருக்குச் சிவபெருமான் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். வழியில் கள்வர் பயம். 'மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போ, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்' என்றாராம். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிற' கதை இதுதான். பொன் விஷயத்தில் அது இறைவனின் கருணை. வெல்டிங் விஷயத்தில் அதே கணக்கு தலைகீழாக நடக்கிறது. மத்தியானம் பட்டறையில் போட்டது, ராத்திரி வீட்டுப் பாயில் கிடைக்கிறது. என் கையில் போட்டது, பக்கத்தில் பிடித்தவன் கண்ணில் கிடைக்கிறது.

புகையும் அப்படியே. நாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைப் பூச்சோடு வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் மாதிரி உடம்பை உலுக்கும். 'சளி பிடிச்சிருக்கு' என்று கசாயம் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இது சீக்கிரம் திரும்பி வருகிற கடன். தாமதமாக வருகிற கடனும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2017-ல் வெல்டிங் புகையையும் வெல்டிங்கின் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. வருஷத்துக்கு இரண்டு கேட் ஒட்டுகிறவருக்கு இதனால் பெரிய பயம் தேவையில்லை. தினம் எட்டு மணி நேரம் அதையே சுவாசிக்கிறவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

* * *

இப்போது பீங்கான் ஊருக்குப் பொருத்தமான ஒரு விஷயம்.

வெல்டிங் ராடைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே கம்பி. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. அது பெயின்ட் அல்ல. அதில் களிமண் உண்டு, ஃபெல்ட்ஸ்பார் உண்டு, அப்ரகம் உண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அந்த ரூட்டைல் என்ற தாதுவும் உண்டு. பீங்கான்காரர்களுக்குப் பாதிக்கு மேல் பழகிய சரக்கு! ஆரம்ப காலத்தில் ராடுக்கு இந்தச் சட்டை கிடையாது. வெறும் கம்பியால் ஒட்டினார்கள். உருகிய இரும்பு காற்றில் உள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் குடித்து, ஒட்டிய இடம் பொரிபொரியாக உடைந்தது. ஆஸ்கர் கெல்பெர்க் என்ற ஸ்வீடன்காரர், 1904-ல் வெல்டிங் கம்பெனி தொடங்கியவர், கம்பிக்கு மேலே தாதுக் கலவையைப் பூசினார். அது எரிந்து வாயுவாகக் காற்றைத் தள்ளிவைக்கிறது. உருகிக் கசடாக, ஒரு கண்ணாடிப் போர்வையைப் போல, ஆறும் வரை இரும்பை மூடிக்கொள்கிறது.

யோசித்துப் பாருங்கள். காற்று பட்டால் இரும்புக்கு ஆகாது என்று, குச்சிக்குக் குச்சி அதற்கு ஒரு கவசம் போட்டு விற்கிறார்கள். கவசம் இல்லாத ராடை நீங்கள் வாங்கவே மாட்டீர்கள். இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பையனுக்கு?

திருச்சியில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1975-ல் பெல் நிறுவனம் ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு தொடங்கியது. அனல் மின் நிலையத்து பாய்லருக்கு ஒரு குழாயை ஒட்டுவதென்றால் சும்மா விட்டுவிட மாட்டார்கள். வெல்டருக்குத் தேர்வு உண்டு. ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. பாய்லர் வெடித்தால் எத்தனை உயிர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபத்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நாம் ஒழுங்காகத்தான் இருக்கிறோம். சில்லறை சில்லறையாக, ஒவ்வொரு ராத்திரியாக, பெயர் தெரியாத ஒருவன் கண்ணில் நடக்கிற ஆபத்துக்குத்தான் நம்மிடம் எக்ஸ்ரே இல்லை.

* * *

நண்பருக்கு நான் விசாரித்துச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வாங்குகிற வரிசையை மட்டும் கவனியுங்கள். அந்த வரிசையிலேயே பாதி ஒழுக்கம் இருக்கிறது.

முதலில் முகமூடி. ஒன்றல்ல, இரண்டு. மெஷினோடு இலவசமாக வரும் கைப்பிடி ஷீல்டு அவசரத்துக்குத்தான். தலையில் மாட்டும் ரகம் வாங்குங்கள். கண்ணாடியின் கறுப்புக்கு எண் உண்டு. வீட்டு வேலைக்கு 10 அல்லது 11. பத்தாம் எண் கண்ணாடி, வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். உங்கள் கூலிங் கிளாஸ் அதன் பக்கத்தில்கூட வராது! கொஞ்சம் கூடப் பணம் இருந்தால் தானாகக் கறுக்கும் ரகம் வாங்குங்கள். ஆர்க் எழுந்த கண நேரத்தில் கறுத்துவிடும். நல்ல தயாரிப்பு என்றால், கறுக்காத நேரத்திலும் புற ஊதாக் கதிரை உள்ளே விடாது. கண் கவசத்துக்கு ஐ.எஸ். 1179 என்று இந்தியத் தரக் குறியீடே இருக்கிறது. கடையில் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார்.

அடுத்தது தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் ஷூ. லுங்கியும் ரப்பர் செருப்பும் வேண்டாம். பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய கசடைச் சுத்தியால் தட்டும்போதும், கிரைண்டர் ஓட்டும்போதும் வெள்ளைக் கண்ணாடி. கிரைண்டரின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற வீரம் வேண்டாம்.

மூன்றாவதாகத்தான் மெஷின். '200 ஆம்பியர்' என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அதே சீட்டில் சின்னதாக '60%' என்பது போல ஒரு எண் இருக்கும். பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம்தான் அந்த அளவுக்கு ஓட்டலாம், நாலு நிமிஷம் ஓய்வு என்று அர்த்தம். அந்த எண்ணே போடாத மெஷினைத் தொடாதீர்கள். புதியவருக்கு 2.5 மில்லிமீட்டர் ராடு, இ 6013 ரகம். அறுபதிலிருந்து தொண்ணூறு ஆம்பியருக்குள் அழகாக ஓடும். 3.15 ராடு கையில் பழகிய பிறகு. ராடை ஈரம் படாமல் வையுங்கள்.

கரன்ட். பிளக், ஒயர், எர்த் மூன்றையும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஷாக் அடித்தால் டிரிப் ஆகிற சுவிட்ச் இருக்கிறதே என்ற தெம்பு, ராடு பக்கம் செல்லாது. மெஷினுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் தனியாகப் பிரித்துவிடுவதால், ஹோல்டரில் அடிக்கும் ஷாக் அந்த சுவிட்சுக்குத் தெரியாது. ஆர்க் இல்லாதபோது ராடு நுனியில் ஐம்பதிலிருந்து தொண்ணூறு வோல்ட் வரை இருக்கலாம். காய்ந்த கைக்கு அது சுள்ளென்று இருக்கும். வியர்வையில் நனைந்த உடம்புக்கு உயிரையே கேட்கும். வெறுங்கையால் ராடு மாற்றாதீர்கள். ஹோல்டரை அக்குளில் இடுக்காதீர்கள். ஈரத் தரையில் நிற்காதீர்கள். எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இரும்பிலேயே, பக்கத்திலேயே, துரு சுரண்டி மாட்டுங்கள். தண்ணீர்க் குழாயிலோ கட்டடத்துக் கம்பியிலோ மாட்டினால் கரன்ட் யார் வீட்டு வழியாகப் போகும் என்று உங்களுக்கே தெரியாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிட்டே போகக் கூடாது.

இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். காற்று பக்கவாட்டில் வீசுகிறபடி உட்காருங்கள், தலையைப் புகைக்கு மேலே நீட்டாதீர்கள். பூச்சுள்ள இரும்பென்றால் ஒட்டுகிற இடத்தில் பூச்சை நீக்கிவிட்டு வையுங்கள். அப்போதும் அந்தத் தூள் மூக்குக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீப்பொறி முப்பத்தைந்து அடி வரை ஓடும் என்பது தீயணைப்பு நிபுணர்களின் கணக்கு. அந்த வட்டத்துக்குள் வைக்கோல், அட்டைப்பெட்டி, சிலிண்டர் எதுவும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் கரன்டை அணைத்த பிறகுதான். வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டுப் போய்விடாதீர்கள், ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு பார்வை பாருங்கள். பெட்ரோல் டேங்க், பெயின்ட் டிரம் இவற்றைக் காலியாக இருந்தாலும் தொடாதீர்கள். காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கிறது.

கடைசியாக, முதல் மாதம் கேட் செய்யாதீர்கள். பழைய இரும்புத் துண்டுகளில் கோடு போட்டுப் பழகுங்கள். மாடிப்படி, ஊஞ்சல் கொக்கி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு போன்ற ஆள் தாங்குகிற வேலைகளைத் தேர்ந்த கையிடம் விட்டுவிடுங்கள். உங்கள் ஒட்டு விட்டுப்போனால் கீழே நிற்பது யார் என்று தெரியாது இல்லையா?

* * *

இதுவரை சுலபம். இனிமேல்தான் சிக்கல்.

'நான் குடுத்தேன் சார், அவன்தான் வேணாங்கறான்' என்று பட்டறைக்காரர் சொல்கிறார். பொய் இல்லை. நிஜமாகவே வேண்டாம் என்கிறான். அவனே சம்மதித்துவிட்ட பிறகு உங்களுக்கும் எனக்கும் என்ன?

நான் காமர்ஸ் படித்தவன். எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பது, ஒரு பற்று எழுதினால் எங்காவது ஒரு வரவு இருந்தே தீரும். முகமூடி வாங்காமல் ஒரு சில நூறு ரூபாய் மிச்சம் என்று நான் வரவு வைத்தால், அதன் பற்று எந்தப் பேரேட்டில்? கண் எரிந்து அவன் வேலைக்கு வராத நாளின் கூலியில். அவன் அம்மா ராத்திரி முழுக்க ஈரத்துணி மாற்றியதில். கணக்கு எங்கும் தொலைந்து போகவில்லை. என் புத்தகத்தில் எழுதாமல் அவன் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

சம்மதம் என்கிறீர்களே, 'முடியாது' என்று சொல்ல முடிந்தவன் சொல்வதுதான் சம்மதம். நாளைக்கும் இந்த வேலை வேண்டும் என்பவன் சொல்லும் 'பரவால்ல அண்ணே'வுக்குப் பெயர் வேறு. பேரனுடைய 'பரவால்ல தாத்தா'வும் அப்படித்தான். அது பாசம். பாசத்திடமிருந்து கையெழுத்து வாங்கக் கூடாது.

அதே சமயம், வேண்டாம் என்கிறவனின் காரணத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அனுபவமுள்ள வெல்டர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். "கறுப்புக் கண்ணாடியப் போட்டா ஆர்க்கு வர்ற வரைக்கும் ஒண்ணுமே தெரியாது சார். எங்க வெக்கிறேன்னு எப்புடிப் பாக்கறது? ஒரு கையில ஷீல்டு, ஒரு கையில ஹோல்டரு, சாமான யார் புடிக்கிறது?" நியாயமான கேள்வி! நாம் 'அலட்சியம்' என்று பெயர் வைத்ததில் பாதி, மோசமான கருவியின் குற்றம். தலையில் மாட்டுகிற, தானாகக் கறுக்கிற ஒன்றைக் கொடுத்தால் அந்த இரண்டு காரணமும் போய்விடுகிறது. இரண்டு காந்தப் பிடிகளும் ஒரு சி-கிளாம்பும் வாங்கிப் போட்டால் பல வேலைகளில் பிடிக்கிற பையனே தேவையில்லை. பாதுகாப்பு பற்றிப் பிரசங்கம் செய்வதைவிட, பாதுகாப்பைச் சுலபமாக்கிக் கொடுப்பது மரியாதை. அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் ஆர்க்கை எழுப்பாமல் இருப்பது ஹோல்டரைப் பிடித்தவரின் பொறுப்பு.

சட்டம் எங்கே போயிற்று என்பீர்கள். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், தன் 35-வது பிரிவைக் கண்ணுக்கென்றே ஒதுக்கியது. ஆனால் மின்சாரத்தோடு இயங்கும் இடத்தில் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையாக இருந்தது. மூன்று பேர் இருக்கும் கிரில் பட்டறைக்கு அது எட்டவே இல்லை. தாத்தாவும் பேரனும் இருக்கும் கொல்லைப்புறத்துக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்? வரவும் வேண்டாம். ஆனால் இன்ஸ்பெக்டர் வராத இடத்தில்தான் மனசாட்சிக்கு உத்தியோகம்.

இன்னொரு ஆளும் இதில் இருக்கிறார். மெஷினே வாங்காதவர். நீங்களும் நானும். வீட்டுக்கு ஜன்னல் கிரில் செய்யும்போது கிலோவுக்கு இத்தனை என்று பேசுகிறோம். 'பக்கத்துத் தெருவுல ரெண்டு ரூபா கம்மியாச் சொல்றான்' என்று இழுக்கிறோம். அவரும் குறைக்கிறார். இரும்பு விலையைக் குறைக்க முடியாது. கரன்டைக் குறைக்க முடியாது. ராடைக் குறைத்தால் ஒட்டாது. வேறு எதைக் குறைப்பார்? கையுறையை. கண்ணாடியை. நம் ஜன்னலின் அந்த இரண்டு ரூபாயை யாரோ ஒருவன் கண்ணால் கொடுத்திருக்கக் கூடும். அடுத்த முறை ரேட் பேசும்போது, 'பையனுக்கும் ஷீல்டு இருக்கா அண்ணே?' என்று ஒரு வார்த்தை சேர்த்துப் பேசுங்களேன். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு இருக்கிற பலம் எந்தச் சட்டத்துக்கும் இல்லை.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. குறை உள்ளவர்கள் அதைக் காகிதத்தில் எழுதி முருகனிடம் பிராது கட்டுகிற வழக்கம் அங்கே உண்டு. கடன் வாங்கி ஏமாற்றியவன், நகையைத் திருடியவன் என்று எதிராளியின் பெயர் போட்டு எழுதலாம். ராத்திரி கண் எரிந்து தூங்காத பையன் யார் பெயரைப் போட்டு எழுதுவான்? முதலாளி கெட்டவர் இல்லை. தாத்தா கெட்டவரே இல்லை. கிரில் வாங்கியவருக்கு அவன் முகமே தெரியாது. யாருமே கெட்டவர் இல்லாமல், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் நடந்த தீங்கு அது. உலகத்தில் பெரும்பாலான தீங்குகள் இந்த ரகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வில்லன்கள் செய்வது கொஞ்சம்.

அதனால் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். ஒரு சின்னப் பழக்கம் போதும். ராடை இரும்பில் உரசுவதற்கு முன்னால், சத்தமாக ஒரு வார்த்தை: 'கண்ணு!' அதைச் சொன்னபடியே சுற்றிலும் ஒரு பார்வை. பிடித்திருப்பவர் முகமூடியை இறக்கிவிட்டாரா, வேடிக்கை பார்க்கும் குழந்தை திரும்பிக்கொண்டதா, எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் இருக்கிறாரா? எல்லாம் சரியென்றால் ஆர்க்கை எழுப்புங்கள். இரண்டு நொடி வேலை.

யாராவது உங்களிடம் 'வீட்டுக்கு எத்தனை ஆம்பியர் மெஷின் வாங்கலாம்?' என்று கேட்டால் தாராளமாகப் பதில் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி மட்டும் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

'பக்கத்துல யார் நிக்கப்போறாங்க?'